விசுவமடுவில் தூள் அரைக்கக் கொடுக்கும் மில்

பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுச் சந்தி தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் சின்ன மில் ஒன்று இருக்கிறது. மூன்று வருசமாக அங்கேதான் கறித்தூளுக்குச் சாமான் கொடுக்கிறேன்.

முதலில் தூளைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கிற வேலை அங்கே இல்லை. மில்லை நடத்துகிற அக்கா மல்லியைத் தனியே, செத்தல் மிளகாயைத் தனியே, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் தனித்தனியே விறகடுப்பில் பெரிய தாச்சியில் வறுப்பார். கறிவேப்பிலை கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும், அதுவரை இறக்கமாட்டார். அரைத்த பிறகும் உடனே கட்டித் தரமாட்டார், பேப்பர் விரித்து ஆறப்போடுவார். சூட்டோடு கட்டினால் வேர்த்துக் கட்டிபட்டுவிடும்.

போன வருசம் ஒருமுறை என் 2 கிலோ கசந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார். “என்ர பிழை தங்கச்சி, போனில கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன்” என்றார். தன்னுடைய சாமானில் புதிதாக 2 கிலோ வறுத்துத் தந்தார், அப்புறம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து ‘அடுப்பை விட்டுப் போனது’ என்று எழுதினார். பழைய பக்கங்களையும் காட்டினார். 2022 மார்ச்சில் ‘கரண்ட் நேரம் பார்க்காமல் சாமான் பொறுப்பெடுத்தது’ என்று ஒரு வரி. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம் அது, நாட்டையே திட்டியிருக்கலாம், அவர் தன் பங்கை மட்டும் எழுதியிருந்தார்.

2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலுக்குத் திரும்பியவர். “நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் தூள் கருகினால் அதுக்கு நான்தானே” என்றார்.

சனத்தைப் பார்த்து ‘பழசை மறந்துவிட்டு எழும்புங்கோ’ என்று புத்தி சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கிய அம்மாமாருக்குச் சரியான பதில் இன்னும் இல்லை. அக்காவும் எதையும் மறக்கவில்லை. கணவரின் படம் மில் சுவரில் தூள் படாத பக்கமாக மாட்டியிருக்கிறது. நானும் இப்போது என் தையல் வேலைக்கு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், முதல் வரி எழுதவே இரண்டு நாள் எடுத்தது.

கூலி மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் கொடுக்கலாம். மல்லியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள், ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், சரியான சனம்.