கிண்டிலா கோபோவா? கொம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இணையக் கடையில் தள்ளுபடி விழுந்தால் போதும், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மின்னூல் படிக்கும் கருவி பற்றி இதே கேள்விதான்: “சார், கிண்டில் எடுக்கலாமா, கோபோ எடுக்கலாமா?” திரை, நினைவகம், பேட்டரி எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. கிண்டிலின் பேப்பர்ஒயிட் ஆகட்டும், கோபோவின் கிளாரா பிடபிள்யூ ஆகட்டும், இரண்டுக்கும் அங்குலத்துக்கு 300 புள்ளி. இரண்டும் இரண்டு மீட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் தாங்கும். ஆங்கிலம் மட்டும் படிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு மலிவானதை எடுக்கலாம். தமிழ் படிக்க வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒற்றைக்கொம்பு.

‘பெண்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புக்குள் முதலில் ப, அதற்குப் பிறகுதான் கொம்பு. திரையில் எழுதும்போது கொம்பைத் தூக்கி ப-வுக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் ப தனியாக நிற்கும், கொம்பு பின்னால் போய் ண்-ஐ ஒட்டிக்கொள்ளும். ‘கொடுத்தான்’ இன்னும் மோசம். முதலில் க, பிறகு கொம்பு, பிறகு கால் என்று மூன்று துண்டாக வரும். சில எழுத்துருவில் பக்கத்தில் புள்ளி வட்டம் வேறு. முதல் பக்கத்தில் சிரிப்பு வரும், மூன்றாம் பக்கத்தில் கருவியைச் செம்பனைக் காட்டுக்குள் வீசத் தோன்றும்.

கோபோவில் பொதுவான மின்னூல் வடிவமான இபப் கோப்பை அப்படியே போட்டால் இதுதான் நடக்கும். காரணம், உள்ளே இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன. இபப் கோப்பைத் திறப்பது அடோபி நிறுவனம் கொடுத்த பழைய நிரல். அதற்குக் கொம்பு தெரியாது. கோபோவின் சொந்த வடிவமான கெபப் கோப்பைத் திறப்பது இணைய உலாவி வகை நிரல். அது கொம்பை ஒழுங்காக வைக்கும். அதே நூல், அதே எழுத்துரு, அதே செட். கோப்பின் வகை மட்டும் மாறினால் தமிழ் நிமிர்ந்து உட்காருகிறது. இதைப் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?

சரி செய்யும் வழி இது. மடிக்கணினியில் காலிபர் என்ற இலவச மின்னூல் மென்பொருளின் 8 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை நிறுவுங்கள். 2025 மார்ச்சில் வந்த அந்த 8-ஆம் பதிப்பிலிருந்து, கோபோவுக்கு அனுப்பும்போதே கெபப்பாக மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் தனிச் செருகுநிரல் தேவைப்பட்டது. கோப்பின் பெயரில் கடைசி ‘இபப்’புக்கு முன்னால் ‘கெபப்’ என்று சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். திறக்கும், உண்மைதான். ஆனால் அடிக்கோடும் படித்த அளவும் கோளாறாகும், அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

அடுத்தது எழுத்துரு. கருவியை யுஎஸ்பியில் இணைத்து, வெளி அடுக்கிலேயே ‘ஃபாண்ட்ஸ்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு கோப்புறை திறந்து, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போடுங்கள். தரவிறக்கிய சிப்பத்தில் எல்லாத் தடிமனும் ஒன்றாக அடங்கிய பெரிய கோப்பு ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு, ‘ஸ்டேட்டிக்’ கோப்புறைக்குள் இருக்கும் ரெகுலரையும் போல்டையும் மட்டும் எடுங்கள். பிறகு முறைப்படி வெளியேற்றிவிட்டு, நூலைத் திறந்து, எழுத்துருப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பதிப்பாளர் எழுத்துரு’ என்பதிலேயே விட்டுவிட்டால் போட்டது வீண். வரி இடைவெளியை இரண்டு மூன்று படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் நூ, ழூ எல்லாம் கீழ் வரியின் தலையில் இடிக்கும்.

இதற்குப் பிறகும் ஒரு நூல் மட்டும் பிசகினால் குற்றம் கருவியில் இல்லை, கோப்பில். யூனிகோடுக்கு முன் வந்த திஸ்கி போன்ற குறியீடுகளில் கொம்பை முதலில் வைத்துப் பிறகு எழுத்தை வைப்பது வழக்கம். அரைகுறையாக மாற்றிய பழைய கோப்புகளில் அந்த வரிசை அப்படியே தங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், அப்படிப்பட்ட தப்பான கோப்பு கோபோவின் தப்பான நிரலில் சரியாகத் தெரியும்! ‘கௌ’வில் வர வேண்டிய குறிக்குப் பதிலாக ள-வைத் தட்டியிருப்பதும் இதே சாதி.

கிண்டிலில் இந்தக் கூத்தே இல்லை. 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழி நூல்களை, கிண்டிலைச் செய்யும் அமேசான்காரர்கள் தங்கள் கடையில் விற்கத் தொடங்கினார்கள். தமிழ் எழுத்துரு உள்ளேயே வருகிறது, கொம்பு இடத்தில் நிற்கிறது. விலை கொடுத்து வாங்கத் தமிழ் நூல்களும் அங்கேதான் அதிகம். இபப் கோப்பைக் கைப்பேசியிலிருந்தே ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக அனுப்பலாம், மடிக்கணினி வேண்டாம். கோப்பின் மொழி விவரத்தில் ஆங்கிலம் என்று கிடந்தால் மட்டும் காலிபரில் தமிழ் என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள். லயத்து வீட்டில் ஓய்வாக இருக்கும் பெரியவருக்குப் பேரப்பிள்ளை தூரத்தில் இருந்தே நூல் ஏற்றிவிடலாம். நியாயமாகப் பார்த்தால் போட்டி இங்கேயே முடிந்துவிட்டது.

பிடிஎஃப் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், இரண்டும் உதவாது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், ஆறு அங்குலத் திரையின் அகலம் சுமார் 91. பன்னிரண்டு புள்ளி எழுத்து ஐந்து புள்ளியாகச் சுருங்கிவிடும். ஏழு அங்குலத்திலும் ஆறைத்தான் தொடும். பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத் தளத்தில் எடுப்பதாக இருந்தால் பிடிஎஃப்பை விட்டுவிட்டு இணையப் பக்க வடிவத்தை எடுத்து காலிபரில் இபப் ஆக்குங்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத்துக்கென்றே செய்த பிடிஎஃப் கிடைக்கும். கொம்புத் தொல்லைக்கு அதுவும் ஒரு மருந்து. ஸ்கேன் செய்த பழைய நூல் என்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல், பக்கத்தைப் படமாகவே சொல் சொல்லாக வெட்டித் திரை அகலத்துக்கு அடுக்கித் தரும். எழுத்தை அது தொடுவதே இல்லை, அதனால் தமிழ் கெடாது.

வண்ணத் திரை வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வண்ணத்தில் புள்ளி 150 ஆகிவிடும், தாளும் சாம்பல் பூத்தது போலிருக்கும். கதை படிக்க எதற்கு?

உடைவது பற்றி: இந்தக் கருவிகளின் மின்மைத் திரைக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. கீழே விழுந்துதான் உடையும் என்றில்லை. பைக்குள் தூக்குச்சட்டி அழுத்தியே விரிசல் விடும். வெளிக் கண்ணாடியில் கீறல்கூட இருக்காது, திரையில் பாதி மட்டும் உறைந்து நிற்கும். மாற்றுத் திரையும் கூலியும் சேர்ந்தால் புதுச் செட் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். 2024 கோபோ மாடல்களைக் கழற்றும் முறை ஐஃபிக்ஸிட் தளத்தில் படத்தோடு இருக்கிறது. திறந்த பிறகு தண்ணீர் தாங்கும் என்று நம்பி மழையில் எடுத்துப் போகாதீர்கள். மத்தியான வெயிலில் காருக்குள் வைக்காதீர்கள். கிண்டிலுக்கு அமேசானே போட்டிருக்கும் வெப்ப வரம்பு 35 பாகை செல்சியஸ்.

வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு, கருவிக்கு வாங்கும் மேலுறைக்கும் அது சேரும். பூட்டுத் திரையில் விளம்பரம் வரும் மலிவுக் கிண்டிலும் கலந்து விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஆக, கிண்டில்தான் நல்ல கருவி. ஆனால் வாங்க வேண்டியது கோபோ. 2025 பிப்ரவரி 26-லிருந்து, கிண்டில் கடையில் காசு கொடுத்து வாங்கிய, நகலெடுக்க முடியாதபடி பூட்டிய நூலைக் கடைத் தளத்திலிருந்து கோப்பாகக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வழியை மூடிவிட்டார்கள். என் காசு, உன் பூட்டு என்றால் எரிச்சல் வராதா? கொம்பை நாமே நிமிர்த்திக்கொள்ளலாம். மடிக்கணினியே இல்லாத வீடு என்றால் இந்தப் பத்தியை மறந்துவிட்டுக் கிண்டிலை எடுங்கள்.

பழைய கோபோ செட் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுமுன் ‘கெண்டை, கேணி, கைலி, கொக்கு, கோழி, கௌதாரி, ஸ்ரீ’ என்று ஒரே வரியை இபப்பாகவும் கெபப்பாகவும் செய்து விற்பவருக்கு அனுப்பி, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கெபப்பிலும் கொக்கு மூன்று துண்டாக வந்தால் முதலில் எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் ஒட்டவில்லை என்றால் கருவியின் மென்பொருள் பழசு, புதுப்பித்துக் காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.