ஆவரேஜ் 55, ஆனால் மேட்ச் தோல்வி: எந்தச் சராசரியை நம்புவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான எங்கள் மண்டபம் பக்கம் விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும், பசங்களுக்குப் பொழுதன்னைக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட்தான். எங்கள் டீமுக்கு ஸ்கோர் நோட்டு எழுதுவது நான். டோர்னமெண்டுக்கு ஆள் எடுக்கும்போது வருஷா வருஷம் ஒரே சண்டை, யாரோட ஆவரேஜ் பெரிசு என்று.

நோட்டில் இருப்பதை அப்படியே போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள், அதனால் எண்களை மாற்றிச் சொல்கிறேன். ஓபனர் பத்து ஆட்டத்தில் அடித்தது 0, 4, 2, 7, 71, 3, 1, 5, 62, 5. மொத்தம் 160, பத்திலும் அவுட், சராசரி 16. ஆறாவதாக இறங்கும் தம்பி 12, 9, 14, 11, 8, 15, 10, 13, 6, 12. மொத்தம் 110தான், ஆனால் அவுட் ஆனது இரண்டே தடவை. ஆக, சராசரி 55!

ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. கிரிக்கெட்டில் ரன்னை ஆட்டத்தால் வகுப்பதில்லை, அவுட்டால் வகுக்கிறார்கள். 1999 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் குளூஸ்னர் எடுத்தது 281 ரன், சராசரி 140.50, ஏனென்றால் 8 இன்னிங்ஸில் 6 நாட் அவுட். தோனியின் ஒருநாள் சராசரி 50.57. அதே 10,773 ரன்னை 297 இன்னிங்ஸால் வகுத்தால் 36 சொச்சம். அதற்காக தோனி சுமார் என்று சொல்ல வரவில்லை (சொன்னால் ஊரில் இருக்க முடியாது), கடைசியில் இறங்குகிறவருக்கு இந்தக் கணக்கு தாராளமாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இன்னிங்ஸால் வகுத்தால்? ஓபனர் 16, தம்பி 11. இப்போது ஓபனர் ராஜா. ஆனால் அவர் 160இல் 133 இரண்டே ஆட்டத்தில் வந்தது. ரன்களைச் சிறிசிலிருந்து பெரிசாக வரிசையாக எழுதி நடுவில் நிற்பதைப் பார்த்தால் ஓபனருக்கு 4.5, தம்பிக்கு 11.5. ஒரு நாள் இறால் அள்ளிக்கொண்டு வந்து, அடுத்த நாலு தடவை டீசல் காசுகூடத் தேறாமல் திரும்புகிற படகுக்கும் சராசரிப் பாடு (பிடிபட்ட மீன்) பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிடித்ததில் பங்குக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஓபனர் வழக்கமாக என்ன அடிப்பார் என்று கேட்டால் என் ஓட்டு நடு எண்ணுக்கு. கோப்பையைத் தூக்கித் தருவது அந்த 71 மாதிரி ஒரு நாள்தான் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் எங்கள் ஆட்டத்துக்கு இந்த மூன்றுமே போதாது. டெஸ்டில் விக்கெட் போனால் போனதுதான், அங்கே அவுட்டால் வகுப்பது நியாயம். ஆஸ்திரேலியாவின் பிராட்மேன் 80 இன்னிங்ஸில் 70 தடவை அவுட்டாகி 6,996 ரன் எடுத்தார், சராசரி 99.94. எங்களுடையது 6 ஓவர் ஆட்டம். 36 பந்து, பத்து விக்கெட். விக்கெட் தீர்வது அபூர்வம், பந்துதான் தீரும். எது தட்டுப்பாடோ அதைக்கொண்டுதானே வகுக்க வேண்டும்?

தம்பியின் அந்தக் கடைசி 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று 4 ரன்னில் தோற்றோம், கையில் ஆறு விக்கெட் மிச்சம், அவன் நாட் அவுட். 49ஆக இருந்த ஆவரேஜ் அன்றைக்கு 55க்கு ஏறியது! எத்தனை பந்தில் அந்த 12 என்று கேப்டன் கேட்டார், என் நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

இந்தத் தடைக்காலத்துக்குப் பந்துக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டேன். சிக்ஸர் போய்க் கருவேலங்காட்டுக்குள் விழுந்து, பத்து நிமிஷம் தேடிவிட்டு வரும்போது எத்தனையாவது பந்து என்று எனக்கு மறக்காமல் இருக்க வேண்டும்.