கோசி வளைகுடாவில் கயாக்: வழிகாட்டிக்காகவே போகலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலேயே கயாக் (சிறு துடுப்புப் படகு) வாடகைக்குக் கிடைக்கும்போது, மொசாம்பிக் எல்லைவரை வண்டியோட்டிப் போக வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். கோசி வளைகுடாவில் உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் கயாக் பயணத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்த பிறகு, வழிகாட்டிக்காகவே போகலாம் என்று சொல்வேன்.

கால்வாய்களால் இணைந்த நான்கு ஏரிகள் ஒரே கழிமுகத்தின் வழியாகக் கடலோடு கலக்கும் இடம் இது. 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் வடகோடி. ஆனால் பூங்கா என்ற பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே தெம்பே-தோங்கா மக்கள் இந்த நீரில் மீன் பிடித்து வருகிறார்கள். கழிமுகத்தில் வரிசையாகத் தெரியும் மரக்கழி வேலிகள்தான் அவர்களுடைய மீன்பொறிகள்; ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். தந்தைக்குப் பின் மகன் பராமரிப்பவை.

படகில் ஏறும் முன்பே வழிகாட்டி கண்டிப்பாகப் பேசினார். வேலிகளுக்கு இடையே நுழையக்கூடாது, கழியைப் பிடித்துப் படகை நிறுத்தக்கூடாது, மீன் எடுக்கும் ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. பிறகு, உரியவரிடம் அனுமதி கேட்டு, ஒரு பொறியின் அருகே எங்களை நிறுத்தினார். ஏரியிலிருந்து கடலுக்குத் திரும்பும் மீன், வளைந்து செல்லும் வேலியை ஒட்டியே நீந்தி அதன் முனையிலுள்ள அடைப்புக்குள் போகிறது; வாயிலில் உள்ள குச்சிகள் உள்ளே வரும் மீனுக்கு வழிவிட்டு, வெளியேற விடுவதில்லை. சிறு மீன்கள் கழிகளின் இடைவெளியில் தப்பிவிடுகின்றன. டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்து மீன் பிடித்த நம் இந்திய வம்சாவளியினர் இருந்த கரையில் இன்று கப்பல்துறையே மிஞ்சியிருப்பதை அறிந்தவர்களுக்கு, இங்கே அந்தத் தொழில் கண்ணெதிரே நடப்பதைக் காண்பது பெரிய விஷயம்.

நீர்யானையும் முதலையும் உள்ள ஏரிகள் இவை. எங்கே கரையோரம் ஒதுங்க வேண்டும், எந்தப் பக்கம் போகவே கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்தப் படகோடு தனியே இறங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. சிறுவர்களுக்குக் கொடுத்த உயிர்காப்புச் சட்டைகள் பெரிதாக இருந்ததால், என் மகளுக்கு வார்களை இறுக்கியும் தோளில் நிற்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று: கட்டணத்தில் எவ்வளவு பொறிக் குடும்பங்களுக்குப் போகிறது என்பது ரசீதில் இல்லை. கேட்டபோது வழிகாட்டி தயங்காமல் பதில் சொன்னார் என்றாலும், எழுத்தில் இருந்திருந்தால் யாரும் கேட்க வேண்டியிருந்திருக்காது.

கழிமுகத்துக்குச் செல்லும் பாதை முழுவதும் மணல். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி சிக்கிக்கொள்ளும். நாளொன்றுக்கு அனுமதிக்கப்படும் வண்டிகளுக்கும் வரம்பு உண்டு என்பதால், பள்ளி விடுமுறைக் காலத்தில் போவதானால் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.