கேவிஎம்: சிஸ்டம் காலில் குறையில்லை, கடிகாரத்தில்தான் எரிச்சல்

தண்டையார்பேட்டையில் கணக்கு மென்பொருள் ஓட்டும் நண்பர் கேட்டார்: "ஒவ்வொரு சிஸ்டம் காலும் ஹோஸ்டுக்குப் போயிட்டுத்தானே வருது, அதனாலதானே விஎம் இழுக்குது?"

இல்லைங்க. சிஸ்டம் கால் என்பது நிரல் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையம்) வேலை கேட்கும் அழைப்பு. பழைய ஐ5-4570, 16 ஜிபி ரேம், லினக்ஸ் ஹோஸ்ட் (நிஜ மெஷின்), அதற்குள் கெஸ்டை (விஎம், அதாவது மெய்நிகர் மெஷின்) ஓட்டும் லினக்ஸ் வசதியான கேவிஎம். இதில் மிகச் சுத்தமாக நடக்கும் வேலையே சிஸ்டம் கால்தான். 2005-இல் இன்டெலின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ் வருவதற்கு முன் கெஸ்ட் கர்னலை ரிங் 0-இல் (சிபியுவின் உச்ச அதிகார நிலை) உட்காரவிட முடியாது, இடைமறித்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. இப்போது அது கெஸ்டுக்கென விடி-எக்ஸ் தரும் நான்-ரூட் நிலைக்குள்ளேயே ரிங் 0-இல் இருக்கிறது. நிரல் சிஸ்கால் கட்டளையைப் போட்டதும் சிபியு எல்ஸ்டார் ரெஜிஸ்டரைப் பார்க்கும். பூட் ஆகும்போது கெஸ்ட் கர்னல் அதில் எழுதிவைத்த முகவரிக்கு நேராகத் தாவும், சிஸ்ரெட்டில் திரும்பும். விஎம் எக்ஸிட், அதாவது கெஸ்டை நிறுத்தி ஹோஸ்டுக்குத் தாவுவது, கிடையாது. கெஸ்டில் கெட்பிபிஐடி என்ற எளிய சிஸ்டம் காலைச் சுழலில் விட்டு, ஹோஸ்டில் எக்ஸிட்களை எண்ணும் 'பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட் லைவ்' போட்டுப் பாருங்கள்: அழைப்புகள் லட்சக்கணக்கில் ஓடும், எக்ஸிட் எண்ணிக்கை அதற்கேற்ப ஏறாது. அருமையான வடிவமைப்பு, மனசாரச் சொல்கிறேன்.

ஒரு ஓட்டை மட்டும் உண்டு. இந்தத் தலைமுறை சிபியுவில் மெல்ட்டவுன் என்ற சிபியு குறைபாட்டிலிருந்து பாதுகாக்க ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் கர்னல் சிஆர்3-ஐ (நினைவகப் பக்க அட்டவணை எங்கே என்று காட்டும் ரெஜிஸ்டர்) மாற்றும். இபிடி (கெஸ்டின் நினைவக முகவரிகளைச் சிபியுவே ஹோஸ்ட் முகவரிகளாக மாற்ற உதவும் அட்டவணை) இருப்பதால் அதற்கும் எக்ஸிட் இல்லை. ஆனால் விஎம் அமைப்பில் சிபியு மாடலைக் கேவிஎம்64 என்ற பொது மாடலாக விட்டால் கெஸ்டுக்குப் பிசிஐடி தெரியாது, முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பி ஒவ்வொரு முறையும் காலியாகும் (அதைத் தவிர்ப்பதுதான் பிசிஐடியின் வேலை). இபிடியில் டிஎல்பி தவறினால் ஒரு முகவரிக்கு 24 நினைவக வாசிப்புகள் வரை ஆகலாம். மாடலாக 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' (ஹோஸ்ட் சிபியுவை அப்படியே காட்டுவது) போட்டால் தீர்ந்தது.

என் கோபமெல்லாம் கடிகாரத்தின் மேல். கெஸ்டுக்குக் கேவிஎம் தரும் கடிகாரமான கேவிஎம்-கிளாக் சரியாக இருந்தால் நேரம் கேட்பது பெரும்பாலும் விடிஎஸ்ஓவிலேயே (நிரலுக்குள் கர்னல் வைத்துத்தரும் சிறு குறியீடு) முடியும், கர்னலுக்குள் போகவே வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டை கெஸ்டுக்குக் கொடுக்க எங்கிருந்தோ நகலெடுத்த எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில், கேவிஎம்மையே கெஸ்டிடமிருந்து மறைக்கும் 'கேவிஎம் ஹிட்டன்' வரி இருந்தால் கெஸ்டுக்கு அந்தக் கடிகாரமே தெரியாது, டிஎஸ்சியை (சிபியுவுக்குள் இருக்கும் எண்ணி) நம்பும். நம் பக்கம் கரண்ட் போனால் யுபிஎஸ் தீர்வதற்குள் ஹோஸ்டைச் சஸ்பெண்டில் போடுவது வழக்கம். எழுந்தபின் கெஸ்டில் கடிகாரத்தைக் கண்காணிக்கும் வாட்ச்டாக், டிஎஸ்சி நம்பத்தகாதது என்று முத்திரை குத்தி, ஹெச்பெட் அல்லது ஏசிபிஐ-பிஎம் என்ற மெதுவான டைமருக்கு இறங்கிவிடலாம். அதன்பின் ஒவ்வொரு நேர வாசிப்பும் சிஸ்டம் கால், அதற்குள் ஒரு எக்ஸிட், அங்கிருந்து, விஎம்முக்கு வன்பொருள்போல் நடிக்கும் ஹோஸ்ட் நிரலான க்யூஇஎம்யூ வரை பயணம். வரிக்கு வரி நேரம் பதியும் டேட்டாபேஸ் நொண்ட ஆரம்பிக்கும். கர்னல் பதிவான டிமெஸ்ஸேஜில் சில வரிகளைத் தவிர வேறு எச்சரிக்கை வராது. இதை மன்னிக்க முடியவில்லை. கெஸ்ட் கர்னலின் நியாயமும் புரிகிறது: தவறான நேரத்தைவிட மெதுவான நேரம் மேல். ஆனாலும் இப்படி ஓசையில்லாமலா?

ஹிட்டன் வரியை எடுத்துவிடுங்கள், ஹெச்பெட்டை 'பிரசன்ட் நோ' ஆக்குங்கள். விண்டோஸ் கெஸ்ட் என்றால் 'ஹைப்பர்வி-கிளாக்' டைமரைச் சேருங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு நான் சொன்னது: கணக்கு டேட்டாபேஸை விஎம்மில் வைக்காதீர்கள், நேரடி மெஷினிலேயே இருக்கட்டும். வைத்தே ஆக வேண்டுமென்றால், கரண்ட் வந்து ஹோஸ்ட் எழும்பும் ஒவ்வொரு தடவையும் கெஸ்டின் சிஸ் அடைவுக்குள் 'கரண்ட் கிளாக்சோர்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். கேவிஎம்-கிளாக் என்று இல்லாவிட்டால் பில் போடத் தொடங்கும் முன் கெஸ்டை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.