கியர் ஹார்ட்னிங்குக்குக் கொடுப்பவர்கள் உஷார்! 91,500 ரூபாய் போச்சு

இன்று மதியம்தான் லேப் ரிப்போர்ட் வந்தது. வயிறு எரிகிறது, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு மில்லுக்காக 40 கியர், 20எம்என்சிஆர்5 என்ற ரக ஸ்டீலில் பல் வெட்டி முடித்தேன். அந்த ஸ்டீலில் கார்பன் 0.2 சதவீதம்தான், அப்படியே போதிய அளவு கடினமாகாது. 920, 930 டிகிரியில் மணிக்கணக்காகக் கார்பன் ஏற்றி, சூட்டோடு எண்ணெயில் முக்கி (குவென்ச்), மறுபடி மிதமாகச் சூடாக்கினால்தான் (டெம்பரிங்) பல் நிற்கும். டிராயிங்கில் கேட்டது கேஸ் டெப்த் (கடினமான மேல் தோலின் ஆழம்) 0.9 மி.மீ., ஹார்ட்னெஸ் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62.

சீல்டு குவென்ச் ஃபர்னஸ் (காற்றுப் படாமல் சூடாக்கி, உள்ளேயே எண்ணெயில் முக்கும் உலை), எல்லாம் கம்ப்யூட்டர் கன்ட்ரோல் என்று சொன்ன ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கொடுத்தேன். காலை 11 மணிக்குக் கொடுத்தது, மாலை 5 மணிக்கே ரெடி என்று போன் வந்தது. 0.9 மி.மீ. கார்பன் ஏறவே அஞ்சாறு மணி நேரம் ஆகும், டெம்பரிங் தனி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போனதும் ஓனரே என் கியர் ஒன்றை எடுத்துப் பல்லின் மேல் அரத்தை இழுத்துக் காட்டினார். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கியது. ஒரு டெஸ்ட் பீஸை (சோதனைத் துண்டு) கடினம் அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்தார், முள் 60-இல் நின்றது. "நம்பி எடுத்துட்டுப் போங்க சார், நம்ம வேலை பேசும்" என்றார். நம்பினேன். 7,500 ரூபாயை முழுசாகக் கொடுத்தேன்.

பதினோராம் நாள் மில்லிலிருந்து போன். பல்லின் முகம் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒரு கியரை அறுத்து லேபில் பார்த்தால் கேஸ் 0.3 மி.மீ.! அவ்வளவு மெல்லிய தோலிலும் அரம் வழுக்கத்தான் செய்யும். முள் காட்டிய 60 அந்த டெஸ்ட் பீஸுடையது, என் கியருடையதே இல்லை.

பல் உரிந்ததுமே அந்த யூனிட்டில் கேட்டால், முதலில் "உங்க ஸ்டீல் சரியில்லைங்க". ஸ்டீல் சர்டிஃபிகேட் காட்டினேன். அப்புறம் "கிரைண்டிங்ல தோலை எடுத்துட்டீங்க". கிரைண்டிங்கே போடவில்லை. "ஆபரேட்டர் ஊருக்குப் போயிட்டார், திங்கட்கிழமை வாங்க". இரண்டு திங்கள் போய்விட்டது, இப்போது போனை எடுப்பதே இல்லை. ஸ்டீலும் பல் வெட்டிய கூலியும் 84,000, அவர்கள் பில் 7,500. மொத்தம் 91,500 ரூபாய்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அதே ஸ்டீலில் உங்கள் டெஸ்ட் பீஸை, அடையாளப் பஞ்ச் அடித்து, கியர்களோடு ஒரே லோடில் போடச் சொல்லுங்கள். அதை வெளி லேபில் அறுத்துக் கேஸ் டெப்த் பாருங்கள். உலையின் சூடும் நேரமும் பதிவான ஃபர்னஸ் சார்ட் கேளுங்கள். ரிப்போர்ட் வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

மில்காரருக்குப் புது 40 கியர் நான் கொடுத்தாக வேண்டும். நாளைக் காலை ஸ்டீல் வாங்கப் போகிறேன்.