இணைய நர்சரியில் வாங்கிய மூன்று செடிகள்

சென்ற மாதம் இணைய நர்சரி ஒன்றிலிருந்து வீட்டுக்குள் வளர்க்கும் மூன்று செடிகளை வரவழைத்தேன். நான்காம் நாளே வந்துவிட்டன; தொட்டி மண் சிந்தாதபடி கட்டியிருந்த நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் விற்பனைப் பக்கத்தில் கண்டதும் பெட்டிக்குள் வந்ததும் ஒத்துப்போனது ஒரே ஒரு செடியில்தான்.

அந்த ஒன்று மணி பிளான்ட். இரண்டாவதான மான்ஸ்டெரா டெலிசியோசாவின் படத்தில் ஓரம் பிளந்து துளைவிட்ட பெரிய இலைகள் இருந்தன. வந்ததோ, பிளவே இல்லாத மூன்று சிறு இலைகளுடைய கன்று. இளங்கன்றின் இலை அப்படித்தான் இருக்கும் என்பதால் இதை ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். ஆயினும் கன்றின் உயரத்தையும் தொட்டியின் அளவையும் குறிப்பிடாமல் முதிர்ந்த செடியின் படத்தை மட்டும் போடுவது நேர்மையும் அல்ல. அதே கடை ‘மினி மான்ஸ்டெரா’ என்று விற்பது ராஃபிடோஃபோரா என்னும் வேறு பேரினத்துக் கொடியை. அழகான கொடிதான்; அதன் பெயரிலேயே விற்றிருக்கலாம்.

மூன்றாவது, ஹோயா கெர்ரி. இதய வடிவில் தடித்த ஒற்றை இலையைச் சிறு தொட்டியில் ஊன்றி, ‘வளரும் கொடி’ என்ற விவரத்துடன் 349 ரூபாய்க்கு விற்றிருந்தார்கள். மண்ணை விலக்கிப் பார்த்தேன். காம்பின் அடியில் வேர் இருந்தது, கணு இல்லை. தளிர் கணுவிலிருந்துதான் புறப்படும் என்பதால், தண்டுத் துண்டு ஒட்டாத வெறும் இலை வேர்விட்டு, ஆண்டுக்கணக்கில் பசுமை மாறாமல் நின்றாலும் ஒற்றை இலையாகவே இருந்துவிடும். அது வாடாததால் வாங்கியவருக்குச் சந்தேகமும் எழுவதில்லை. அனுப்பப்போகும் அதே செடியைக் கணு தெரியும்படி படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் இதற்குப் பணம் கட்ட வேண்டும், நான் கேட்கவில்லை.

புகார் செய்தபோது, உயிருள்ள பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையெனில் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுவதை எடுத்துக்காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐயும் குறிப்பிட்டு, பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த காணொளியை இணைத்து மீண்டும் எழுதினேன். மறுநாளே 349 ரூபாய் கணக்கில் ஏறியது. விற்பனைப் பக்கத்தில் ‘வளரும் கொடி’ என்ற விவரம் இன்றும் அப்படியே இருக்கிறது.