முகப்பிலிருந்து அடுப்படி வரை: ஆறு வருட ஆம்ப்ளிஃபயர் அனுபவம்

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீடு. முகப்பில் நின்று கத்தினால் அடுப்படிக்குக் கேட்காது. ஆனால் காலையில் போடும் சுப்ரபாதம் மட்டும் எல்லாக் கட்டிலும் கேட்க வேண்டும் என்று அப்பத்தாவுக்கு ஆசை. 2019-ல் ஆரம்பித்தேன்.

முகப்பில் ஆம்ப்ளிஃபயர். 'ஏ' முனையில் முகப்பு ஸ்பீக்கர் ஜோடி, 'பி' முனையில் வளவு (உள்முற்றப் பகுதி) ஜோடி, நான்கும் 6 ஓம் (மின்தடை அளவு). கடைக்காரர் "ரெண்டையும் ஆன் பண்ணிக்கலாம் சார்" என்றார், நானும் கேட்டுக்கொண்டேன். சித்திரை வெயிலில் ஆம்ப்ளிஃபயர் அரை மணிக்கு ஒருதரம் அணைந்தது. டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் படித்தால், ஏ அல்லது பி என்றால் 4 முதல் 16 ஓம், இரண்டும் சேர்ந்தால் 8 முதல் 16 என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு 6 ஓம் பேரலலில், அதாவது பக்கம் பக்கமாக, சேர்ந்தால் 3 ஓம்தான். ஓம் குறைந்தால் கரண்ட் கூடும். பெட்டி சூடேறாமல் என்ன செய்யும்?

அடுத்து சீரிஸ், ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது. 12 ஓம், சூடு போச்சு. சத்தமும் பாதியாகப் போச்சு. ஒரு ஸ்பீக்கரில் வயர் கழன்றால் கூட்டாளியும் ஊமை. ஒரு மாதத்தில் பிரித்துவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு குளறுபடி. வளவில் பேஸே (அடிக்குரல் ஒலி) இல்லை. ஸ்பீக்கரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆம்ப்ளிஃபயர் பக்கம் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை நுனியில் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் கூம்பு வெளியே துள்ளியது, இன்னொன்றில் உள்ளே போனது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது! மாற்றியதும் மிருதங்கத்தின் தொப்பி வந்துவிட்டது. அப்போதே வயர் நுனிகளில் பனானா பிளக்கும் (செருகும் முனை) போட்டேன். சத்தம் கூடவில்லை, பிரிந்த செம்பிழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டு ஷார்ட் ஆகும் பயம் போனது. ஒரே ஸ்பீக்கரின் பேஸுக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனி வயர் இழுக்கும் பைவயரிங்கும் செய்து பார்த்தேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை, வயர் காசுதான் தண்டம்.

பெரிய தலைவலி அடுப்படிதான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. வயரைப் புதைக்கச் சுவரை வெட்டினால் அந்தப் பளபளப்பை இன்று ஒட்டுப்போட ஆள் கிடைக்காது. உத்திரத்து ஓரமாகவே வயர் ஓடியது, முப்பது மீட்டர். போக வர அறுபது. 1 சதுர மி.மீ. செம்பு வயரில் அதுவே 1 ஓமுக்கு மேல். 8 ஓம் ஸ்பீக்கரில் பேஸ் தொளதொளவென்று ஆடியது.

கோயில் மைக் செட் போடுகிறவர் பார்த்துச் சிரித்தார். "தம்பி, திருவிழாவுக்குத் தெரு முழுக்க இந்த ஒல்லி வயர்லதானே குழாய் கட்டுறோம்?" அது 100 வோல்ட் லைன், வோல்டேஜைக் கூட்டிக் குறைந்த கரண்டில் அனுப்பும் முறை. ஸ்பீக்கரோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். 10 வாட் முனையில் வைத்தால் லைனுக்கு அது 1000 ஓம். வயரின் 1 ஓம் அதில் தூசு. மைக் செட்டுக்கான சின்ன பிஏ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கி, முகப்புப் பெட்டியின் டேப் அவுட்டிலிருந்து (பாட்டை வேறு கருவிக்கு அனுப்பும் முனை) ஆர்சிஏ கேபிள் கொடுத்தேன். முதலில் 'உம்ம்' என்று இரைந்தது. இரண்டையும் ஒரே பிளக் பாக்ஸில் போட்டதும் நின்றது. ஜாயின்ட்டை மட்டும் நன்றாக மூட வேண்டும், 100 வோல்ட் சுருக்கென்று கடிக்கும்.

பேஸ் கொஞ்சம் குறைவுதான், அடுப்படிக்குப் போதும். வளவு ஜோடிக்கு இப்போது 8 ஓம், தனி ஆம்ப்ளிஃபயர், 2.5 சதுர மி.மீ. வயர். மூன்று கோடையாக எதுவும் அணையவில்லை.

அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் ஒரு வால்யூம் திருகும் வைத்திருக்கிறேன். காலையில் காபி கலக்கும்போது அப்பத்தா முதல் வேலையாக அதைத்தான் குறைக்கிறது.